வட ஜப்பானின் இலக்கிய ஊர்களுக்குத் தனியாகச் செல்பவர்களுக்கு: காற்றும் கால அட்டவணையும் எனக்குக் கற்றுத் தந்தவை

ஜப்பானிய இலக்கியத்தை விரும்பிப் படிப்பவர்கள் அந்நாட்டுக்குச் செல்லும்போது டோக்கியோ, கியோட்டோ என்னும் வழக்கமான வட்டத்தோடு திரும்பிவிடாமல், ஹோன்ஷு தீவின் வடபகுதியான தோஹோகு வட்டாரத்துக்கும் சென்று வர வேண்டும் என்று நான் மனமாரச் சொல்வேன். கவிஞர் மியாசாவா கென்ஜி வாழ்ந்து மறைந்த ஹனமாகி, நாட்டார் கதைகளால் புகழ்பெற்ற தோனோ, நாவலாசிரியர் தசாய் ஒசாமு பிறந்த கனாகி, இறந்தவர்களின் மலை என்று மக்கள் நம்பும் ஒசொரெசான் ஆகிய நான்கையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடத் திட்டமிட்டு, அக்டோபர் மாதக் கடைசியில் தனியாகச் சென்றேன். பார்க்க நினைத்தவை அனைத்தையும் பார்த்தேன் என்றாலும், இடையில் ஓர் இரவு யாரையும் அறியாத ஒரு சிற்றூரில் தங்க நேர்ந்தது; திட்டத்தில் இல்லாத செலவாக ஏறத்தாழ 50,000 யென், நம் பணத்தில் 29,000 ரூபாய் அளவுக்குக் கைவிட்டுப் போனது. புறப்படும் முன் இவற்றை யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் அந்த இழப்பில் பெரும்பகுதி நேர்ந்திருக்காது என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ரயில் பாஸைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இழப்பின் வேர் அங்கேதான் இருந்தது. நான் அணுகிய பயண முகவர், நாடு முழுவதற்குமான ஏழு நாள் ரயில் பாஸை வாங்கச் சொன்னார்; இறங்கிய அன்றே அதைத் தொடங்கிவிடுவதுதான் வசதி என்றும் வற்புறுத்தினார். 2023 அக்டோபரில் இந்தப் பாஸின் விலை 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்த்தப்பட்டது. பழைய விலையில் அது பலருக்கும் லாபமாக இருந்தது. இப்போது அப்படிச் சொல்ல முடியாது. டோக்கியோவிலிருந்து வடக்கே ஷின்-அவோமோரி வரை ஷின்கான்சென் அதிவேக ரயிலின் கட்டணம் ஒரு வழிக்கு ஏறத்தாழ 17,500 யென் என்பதால், வடக்கே சென்று திரும்புவதோடு நிற்கும் பயணத்துக்கு நாடு தழுவிய பாஸ் பெரும்பாலும் கட்டுப்படியாகாது. கிழக்கு ஜப்பானுக்கு மட்டுமான வட்டாரப் பாஸின் விலையையும் தனித்தனிச் சீட்டுகளின் கூட்டுத்தொகையையும் ஒப்பிட்டுப் பார்த்தபின் முடிவு செய்யுங்கள். அதைவிட முக்கியமானது தொடக்க நாள். பாஸ் தொடர்ச்சியாக ஏழு நாட்களுக்கு மட்டுமே செல்லும். ஒருமுறை தொடக்க நாளைப் பதிந்துவிட்டால் பிறகு மாற்ற இயலாது. டோக்கியோவுக்குள் சுற்றும் நாட்களில் சில நூறு யென் சீட்டுகளே போதும். பாஸை வடக்கே புறப்படும் காலையில் தொடங்குவதே சரி. முகவர் சொன்னபடி முன்கூட்டியே தொடங்கியதால், பயணத்தின் கடைசியில் எனக்கு ஒரு நாள்கூடக் கூடுதலாகக் கையில் இருக்கவில்லை.

ஹனமாகிக்குச் செல்ல ஷின்-ஹனமாகி நிலையத்தில் இறங்க வேண்டும். வேகமான ஹயபுசா ரயில்களில் பெரும்பாலானவை அங்கு நிற்பதில்லை. யமாபிக்கோ என்னும் ரயில்களில் நிற்பவற்றைப் பார்த்து ஏற வேண்டும். ஹயபுசாவில் எல்லா இருக்கைகளும் முன்பதிவுக்குரியவை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். பாஸ் இருந்தாலும் இருக்கைச் சீட்டைத் தனியாக, கட்டணமின்றி, பெற்றுக்கொள்ள வேண்டும். நிலையத்துக்கு அருகில் ஒரு குன்றின்மேல் மியாசாவா கென்ஜி நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. 1896-ல் அடகுக்கடை நடத்திய வசதியான குடும்பத்தில் பிறந்து, வேளாண் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றி, 1926-ல் வேலையை விட்டுவிட்டு உழவர்களுக்கு எந்த நிலத்துக்கு எந்த உரம் எவ்வளவு இடவேண்டும் என்று கைம்மாறு கருதாமல் எழுதிக் கொடுத்து வந்த மனிதர் அவர். 1933-ல் 37 வயதில் இறந்தபோது அவருடைய நூல்களாக வெளிவந்திருந்தவை இரண்டே. இரண்டும் 1924-ல் வந்தவை. இன்று ஜப்பானியப் பள்ளிக் குழந்தைகள் மனப்பாடமாகச் சொல்லும் 'மழைக்கும் தோற்காமல்' என்னும் கவிதை, அவர் மறைந்தபின் ஒரு குறிப்பேட்டிலிருந்து கண்டெடுக்கப்பட்டது. அருங்காட்சியகத்தில் அவர் வாசித்த செல்லோ கருவி வைக்கப்பட்டிருக்கிறது. எனக்கு அதைவிட நெருக்கமாகப் பட்டது, அவர் உழவர்களுக்காகச் சங்கம் நடத்திய வீடு. அந்த வீட்டை இப்போது ஹனமாகி வேளாண் உயர்நிலைப் பள்ளி வளாகத்தில் பேணி வருகிறார்கள். வாசற்படியருகே ஒரு சிறு கரும்பலகை. அதில் வெள்ளை எழுத்தில், 'கீழ்வயலில் இருக்கிறேன், கென்ஜி' என்று எழுதியிருக்கிறது. வந்தவர்களுக்கு அவர் எழுதி வைத்துவிட்டுப் போகும் குறிப்பு அது. நான் அந்தப் பலகையின் முன் நெடுநேரம் நின்றேன். இந்த வீடு அருங்காட்சியகத்துக்கு அருகில் இல்லை என்பதையும், இரண்டுக்கும் நடுவே டாக்சி தேவைப்படும் என்பதையும் முன்கூட்டியே கணக்கில் வையுங்கள். ஹனமாகிக்கு அரை நாள் போதும் என்று எழுதப்பட்ட திட்டங்கள் இந்தத் தொலைவைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

ஷின்-ஹனமாகியிலிருந்து தோனோவுக்குச் செல்லும் கமாயிஷி தடம், கென்ஜியின் 'பால்வெளி ரயில்' கதைக்கு முன்மாதிரியாகக் கருதப்படும் பழைய சிறு ரயில்பாதையின் வழியில் செல்கிறது. உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோவில் அவர் ஈடுபாடு கொண்டிருந்ததால், இத்தடத்தின் நிலையங்களுக்கு அம்மொழியில் செல்லப்பெயர்களும் உண்டு. பெயர்ப் பலகையிலேயே அவற்றைப் பார்க்கலாம். இத்தடத்தில் ஓடிய நீராவி ரயிலைப் பார்க்கலாம் என்னும் ஆசையோடு எவரும் செல்ல வேண்டாம். பழைய பயணக் கட்டுரைகள் இன்னும் அதைப் பரிந்துரைத்தாலும், 2023 ஜூன் மாதத்தோடு அது நிறுத்தப்பட்டுவிட்டது. ரயில்கள் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே சில வேளைகளில் இரண்டு மணி நேரம்வரை இடைவெளி உண்டு. ஆகவே தோனோவில் ஓர் இரவு தங்குவதே நல்லது.

தோனோ என்ற ஊரின் பெயரை ஜப்பான் முழுவதும் அறியச் செய்தவர் யனாகிதா குனியோ. அவ்வூர்க்காரரான சசாகி கிஸென் வாய்மொழியாகச் சொன்னவற்றைக் கேட்டு, 119 சிறு பகுதிகளாக எழுதி, 1910-ல் 350 படிகள் மட்டும் அச்சிட்டு வெளியிட்ட 'தோனோ கதைகள்' ஜப்பானிய நாட்டார் வழக்காற்றியலின் தொடக்கநூல்களில் ஒன்று. அதைப் படிக்காமல் இந்த ஊருக்குச் செல்வதில் பொருளில்லை என்றே சொல்வேன். படிக்காதவருக்கு அது வயல்களும் மலைகளும் உள்ள ஓர் அமைதியான பள்ளத்தாக்கு. படித்தவருக்கோ ஒவ்வொரு ஓடையும் ஒரு கதையின் இடம். ஜோகென்ஜி என்னும் கோயிலின் பின்புறம் கப்பா என்ற நீர்ச்சிறுபேய் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் ஓடை இருக்கிறது. கரையில் ஒரு மூங்கில் தூண்டிலில் வெள்ளரிக்காயைக் கட்டித் தண்ணீரின் மேல் தொங்கவிட்டிருக்கிறார்கள், கப்பாவுக்கு வெள்ளரிக்காய் பிடிக்கும் என்பதால். அருகே ஒரு சிறு சன்னிதி; பால் சுரக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட தாய்மார்கள் சிவப்புத் துணியில் தைத்த முலை வடிவங்களை அங்கே காணிக்கையாக வைத்திருக்கிறார்கள். நம் ஊர்க் கோயில்களில் கண்மலரும் உடலுறுப்புத் தகடுகளும் காணிக்கையாகச் செலுத்தப்படுவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அந்தச் சன்னிதியில் யாரும் எதையும் விளக்கத் தேவை இருக்கவில்லை.

அங்கிருந்து நடந்து செல்லும் தூரத்தில் தென்ஷோயென் என்னும் பழைய பண்ணை வீட்டு வளாகம் இருக்கிறது. மனிதர்களும் குதிரைகளும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த, மூலையில் திரும்பும் வடிவிலான வீடு அது. அதன் பின்பகுதியில் ஒரு சிறு அறை முழுவதும் ஒஷிராசாமா என்னும் தெய்வப் பாவைகள் சுவரோடு சுவராக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு பெண் தன் வீட்டுக் குதிரையின் மீது காதல் கொண்டாள். தந்தை அக்குதிரையை முசுக்கட்டை மரத்தில் தொங்கவிட்டுக் கொன்றார். அவள் அதன் தலையைப் பிரியாமல் அத்தலையோடே வானேறிப் போனாள். அந்த மரத்தின் கிளையில் செதுக்கப்பட்டவையே இப்பாவைகள் என்பது கதை. வருபவர்கள் ஒரு துண்டுத் துணியில் தங்கள் வேண்டுதலை எழுதிப் பாவைக்கு உடையாக அணிவிக்கிறார்கள். அறை இருட்டாக இருந்தது. துணிகளின் பழைய வாசனை மூக்கில் ஏறியது. ஆயிரம் முகங்கள் நம்மைப் பார்க்கும் உணர்வு வந்தது. பஞ்சத்தில் இறந்தவர்களுக்காக 18-ஆம் நூற்றாண்டில் ஒரு துறவி பாறைகளில் செதுக்கிய ஐந்நூறு அருகதர் (ஞானம் பெற்ற புத்த சீடர்) உருவங்களும் ஊரையொட்டிய காட்டில் இருக்கின்றன. பாசி படிந்து, முகங்கள் பாதி அழிந்து கிடக்கும் அவற்றைப் பார்த்தால், தோனோவின் கதைகள் எந்தப் பசியிலிருந்து வந்தன என்பது விளங்கும்.

தோனோவில் நான் பட்ட தொல்லை இருட்டால் வந்தது. நிலையத்தருகே மிதிவண்டி வாடகைக்குக் கிடைக்கிறது. கப்பா ஓடை நிலையத்திலிருந்து ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர். அக்டோபர் கடைசியில் தோஹோகுவில் நான்கே முக்கால் மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடுகிறது. ஐந்து மணிக்கு வயல்வெளிச் சாலையில் விளக்கே இல்லை; கரடி நடமாட்டம் குறித்த எச்சரிக்கைப் பலகைகள் மட்டும் மிதிவண்டியின் வெளிச்சத்தில் தென்பட்டன. அவை அலங்காரத்துக்கு வைக்கப்பட்டவை அல்ல. இவாதே, அகிதா மாநிலங்களில் கரடி தாக்கி மக்கள் உயிரிழக்கும் செய்திகள் அண்மை ஆண்டுகளில் பெருகியிருக்கின்றன, அதுவும் இலையுதிர் காலத்தில்தான் மிகுதி. என் நெஞ்சு அடித்துக்கொண்டது எனக்கே கேட்டது. கரடியை விலக்கப் பைகளில் கட்டும் சிறு மணியைக் கடைகளில் விற்கிறார்கள். வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள், இலையுதிர் காலத்தில் மூன்றரை மணிக்கெல்லாம் ஊருக்குள் திரும்பிவிடுங்கள், மரங்கள் அடர்ந்த இடங்களைக் காலை பத்து மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் இடையில் வைத்துக்கொள்ளுங்கள்.

உணவு, பணம், சுமை ஆகிய மூன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். இவ்வூர்களில் உணவகங்கள் பிற்பகல் இரண்டு மணிக்கு மூடி, சில மாலையில் திறக்கவே திறப்பதில்லை. சைவ உணவினருக்குப் பெருஞ்சிக்கல், ஏறத்தாழ எல்லாச் சாறுகளிலும் மீன் வடிநீர் இருப்பது. காய்கறி மட்டும் மிதக்கும் கிண்ணத்திலும் அது இருக்கும். தங்கும் விடுதிக்கு முன்பதிவு செய்யும்போதே, இறைச்சி, மீன், மீன் வடிநீர் மூன்றும் வேண்டாம் என்று தனித்தனியாக எழுதித் தெரிவிப்பது நல்லது. வந்து இறங்கியபின் சொன்னால் அவர்கள் திண்டாடிப் போகிறார்கள். கென்ஜியே பல ஆண்டுகள் சைவ உணவு உண்டவர் என்பது எனக்கு அங்கே சிறு ஆறுதலாக இருந்தது. நகரங்களில் எங்கும் செல்லுபடியாகும் ரயில் அட்டையைச் சிறு நிலையங்களில் ஏற்க மாட்டார்கள். உள்ளூர்ப் பேருந்தில் சில்லறை நாணயமே பேசும். செவன்-இலெவன் கடைகளிலும் அஞ்சலகங்களிலும் உள்ள ஏடிஎம்களில் நம் வங்கி அட்டையால் பணம் எடுக்க முடியும் என்பதால், பெரிய நிலையத்தை விட்டு நீங்கும் முன் 30,000 யென்னாவது ரொக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பெட்டியை விடுதிக்கு விடுதி அனுப்பும் சேவை எங்கும் உண்டு; ஒரு தோள்பையோடு மட்டும் வடக்கே சென்றது நான் செய்த மிக நல்ல காரியம், அதன் அருமை பின்னர் நான் சிக்கிக்கொண்ட நோஹெஜி என்னும் சிற்றூரில்தான் தெரிந்தது.

கனாகி ஊர் சுகாரு தீபகற்பத்தில் இருக்கிறது. ஷின்-அவோமோரியிலிருந்து கோஷோகவாரா வரை பாஸ் செல்லும். அங்கிருந்து கனாகிக்குச் செல்லும் சுகாரு ரயில்வே தனியாருடையது, 20.7 கிலோமீட்டர் நீளமுள்ள சிறு தடம், பாஸ் செல்லாது. பாஸ் எல்லா இடத்துக்கும் செல்லும் என்று முகவர் உறுதி சொல்லியிருந்தார். தொகை சிறியதுதான் என்றாலும், ரொக்கத்தில் கொடுக்க வேண்டும். கெட்டி அட்டையில் அச்சிட்ட பழைய பாணிச் சீட்டைத் தருகிறார்கள். தசாய் ஒசாமுவின் தந்தை 1907-ல் கட்டிய மாளிகை இப்போது ஷாயோகான் என்ற பெயரில் நினைவில்லமாக இருக்கிறது; இடையில் 1950 முதல் 1996 வரை அது தங்கும் விடுதியாக நடந்தது. 1909-ல் தசாய் பிறந்தது இந்த வீட்டில்தான். உயர்ந்த செங்கல் மதிலும் பளபளக்கும் மரத்தரையும் குத்தகைக்காரர்கள் நெல் அளந்து கொடுத்த அகன்ற முற்றமும் பார்த்தபின், தன் குடும்பச் செல்வத்தைக் குறித்து அவர் வாழ்நாள் முழுவதும் சுமந்த கூச்சம் எனக்குப் புதிதாக விளங்கியது.

மாளிகையோடு திரும்பிவிடாமல், அருகிலுள்ள உன்ஷோஜி கோயிலுக்கும் செல்லுங்கள். தசாயைச் சிறுவயதில் வளர்த்த தாகே என்னும் செவிலிப்பெண், அவரை அங்கே அழைத்துச் சென்று நரகக் காட்சிகளின் ஓவியத்தைக் காட்டினாள். கல்லறைப் பலகைகளோடு பொருத்திய இரும்புச் சக்கரத்தைச் சுழற்றச் சொன்னாள். சுழன்று அப்படியே நின்றால் நற்கதி, நிற்கும் தருவாயில் பின்னோக்கித் திரும்பினால் நரகம். சிறுவன் ஒருநாள் தனியாகச் சென்று சுழற்றியபோது எல்லாச் சக்கரங்களும் பின்னோக்கித் திரும்பியதாக அவர் எழுதியிருக்கிறார். நானும் ஒருமுறை கையை வைத்தேன். இரும்பு அவ்வளவு குளிர்ந்திருந்தது. 1944-ல் ஊர் திரும்பிய பயணத்தின் முடிவில் தாகேயை அவர் தேடிச் சென்று கண்ட கொதோமாரி என்னும் கடற்கரை ஊரில் இருவருக்கும் சிலை இருக்கிறது. ரயில் தடம் முடியும் நகாசாதோவிலிருந்து மேலும் பேருந்தில் செல்ல வேண்டும். கனாகியில் ஓர் இரவு தங்கினால் மட்டுமே இது கைகூடும். எனக்கு அந்த நேரம் இல்லை, அது இன்றும் மனக்குறைதான்.

அன்றே பிற்பகல் அவோமோரி வழியாக ஒசொரெசானை நோக்கிப் புறப்பட்டேன். அவோமோரியிலிருந்து நோஹெஜி வரை உள்ள தடம் வேறொரு நிறுவனத்துடையது. நாடு தழுவிய பாஸ் வைத்திருப்பவர்கள் அதில் அவோமோரி, நோஹெஜி, ஹச்சினோஹே ஆகிய மூன்று நிலையங்களில் மட்டுமே கட்டணமின்றி ஏறி இறங்கலாம். நோஹெஜியில் ஓமினாத்தோ தடத்துக்கு மாறி, முத்சு வளைகுடாவின் கரையோரமாக ஏறத்தாழ ஒரு மணி நேரம் சென்றால், ஒசொரெசானுக்குப் பேருந்து பிடிக்க வேண்டிய ஷிமோகிதா நிலையம். இந்தத் தடம் காற்றுக்குப் பேர்போனது. கடலையொட்டித் தடுப்பின்றிச் செல்வதால், காற்றின் வேகம் வரம்பைத் தாண்டினால் பாதுகாப்புக்காக ரயிலை நிறுத்திவிடுகிறார்கள். இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் இது அரிதான நிகழ்வே இல்லை. அவ்வளவு பயணக் குறிப்புகளைப் படித்திருந்தும் இந்த ஒரு செய்தி என் கண்ணில் படவில்லை.

நோஹெஜியில் இறங்கியபோது மணி நான்கைத் தாண்டியிருந்தது. நடைமேடைக்கு அப்பால் வரிசையாக நிற்கும் நெடிய மரங்கள் வேரோடு பெயர்ந்துவிடும்போல ஆடிக்கொண்டிருந்தன. பனியிலிருந்து ரயில்பாதையைக் காக்க 1893-ல் நட்ட, ஜப்பானின் முதல் ரயில்வே பனித்தடுப்புக் காடு அது என்பதைப் பிறகு அறிந்துகொண்டேன். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், நிலைய ஊழியர் ஒரு வெண்பலகையைக் கொண்டுவந்து வாயிலில் நிறுத்தியதும், காத்திருந்த பள்ளி மாணவர்கள் முகத்தில் வியப்பே இல்லாமல் கைபேசியில் வீட்டாரை அழைத்ததும்தான். சற்று நேரத்தில் ஒவ்வொருவராகக் கார்களில் ஏறிப் போய்விட்டார்கள். ஊழியர் தம் கைபேசியில் தட்டி, மொழிபெயர்ப்பை எனக்குக் காட்டினார்: கடுங்காற்று காரணமாக இன்று இனி ரயில் இல்லை, நாளைக் காலை நிலைமையைப் பார்த்துச் சொல்கிறோம். சாலை வழிச் செல்லும் பேருந்தும் அன்றைக்கு முடிந்துவிட்டது. ஷிமோகிதா நிலையம் இருக்கும் முத்சு நகர் வரை டாக்சிக்கு 20,000 யென்னுக்கு மேல் ஆகும் என்றார், அதுவும் இந்தக் காற்றில் வேண்டாம் என்று கையை அசைத்தார். முத்சுவில் நான் முன்பணம் கட்டியிருந்த விடுதி அறை அறுபது கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெளியே முழு இருட்டு, காத்திருப்பு அறையின் கண்ணாடிகள் காற்றில் அதிர்கின்றன, மொழி தெரியாது, நாளை என் பாஸின் கடைசி நாள். வீட்டுக்கு அழைத்தபோது அம்மா பதறாமல் சொன்னார்: "முதல்ல பக்கத்துல ஒரு ரூமைப் பிடி. சாப்பிடு. மத்ததெல்லாம் காலையில பாத்துக்கலாம்மா." அதற்குமேல் நல்ல அறிவுரை யாராலும் சொல்ல முடியாது. ஊழியரே அருகிலுள்ள ஒரு விடுதிக்குத் தொலைபேசியில் பேசி, ஓர் அறை இருப்பதை உறுதி செய்து, வழியை ஒரு தாளில் வரைந்து கொடுத்தார், 7,500 யென். இத்தகைய நேரத்தில் முதலில் செய்ய வேண்டியது அறையைப் பிடிப்பதுதான். சிற்றூரில் ஒன்றிரண்டு விடுதிகளே இருக்கும். ரயில் நின்ற செய்தி பரவிய அரை மணி நேரத்தில் அவையும் நிரம்பிவிடும். அடுத்ததாக, ரயில் இயங்கவில்லை என்பதற்கு நிலையத்தில் எழுத்துவழிச் சான்று கேட்டு வாங்குங்கள், மறுப்பின்றித் தருகிறார்கள். ஊர் திரும்பியபின் பயணக் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்டது அந்தத் தாளைத்தான். தனிச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ரயில் நின்றால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். பாஸுக்கு அப்படி எதுவும் கிடைக்காது, காலமும் நீட்டிக்கப்படாது.

முத்சு விடுதி உரிமையாளரான மூதாட்டியிடமும் அந்த ஊழியர்தான் பேசினார். அந்த மூதாட்டி கடிந்துகொள்ளவில்லை, காற்று அடித்தால் யாராலும் வர முடியாது, நாளைக்கு வரட்டும் என்றாராம். ஆனால் அறைக்கு நான் கட்டியிருந்த 11,000 யென்னும் முன்பதிவு செய்த இணையதளத்திடம் இருந்தது. திருப்பித் தராத வகையில் பதிவு செய்ததால் ஒரு யென்கூடத் திரும்பவில்லை, தேதியையும் மாற்ற மறுத்துவிட்டார்கள். மறுநாள் இரவுக்கு அந்த அம்மையார் என்னிடம் பாதிக் கட்டணமே வாங்கினார். தீபகற்பங்களிலும் தீவுகளிலும் உள்ள விடுதிகளைத் திருப்பித் தராத சலுகை விலையில் ஒருபோதும் பதியாதீர்கள். முடிந்தால் விடுதிக்கே மின்னஞ்சல் எழுதி, வந்து பணம் கொடுப்பதாகப் பேசிக்கொள்ளுங்கள். அங்குள்ளவர்களுக்குக் காற்றும் பனியும் தெரியும், தளங்களுக்குத் தெரியாது.

மறுநாள் நண்பகலுக்குச் சற்று முன்புதான் ரயில் புறப்பட்டது. ஷிமோகிதாவில் இறங்கியபோது ஒசொரெசானுக்கான கடைசிப் பேருந்து போய்விட்டிருந்தது. நாளொன்றுக்குச் சில பேருந்துகளே உள்ளன. 7,000 யென் கொடுத்து டாக்சியில் சென்றேன். தயங்கவில்லை, ஏனெனில் அந்தக் கோயில் மே 1 முதல் அக்டோபர் 31 வரை மட்டுமே திறந்திருக்கும். மறுநாளே நான் டோக்கியோ திரும்ப வேண்டியிருந்தது.

862-ல் துறவி என்னின் நிறுவியதாகச் சொல்லப்படும் போதைஜி கோயில் அது. எரிமலைப் பள்ளத்தில் சாம்பல் நிறப் பாறைகள், பிளவுகளிலிருந்து எழும் கந்தக ஆவி, அப்பால் அசையாத நீலத்தில் உசோரி ஏரி. இறந்த குழந்தைகளுக்காகப் பெற்றோர் அடுக்கிய கற்குவியல்களுக்கு நடுவே செருகிய நெகிழிக் காற்றாடிகள் முந்தைய நாளின் காற்றில் மிச்சமிருந்த வேகத்தில் கடகடவென்று சுழன்றன. மரக்கிளைகளில் கைத்துண்டுகளும் வைக்கோல் செருப்புகளும் கட்டப்பட்டிருந்தன, இறந்தவர்கள் நெடுவழியில் வியர்வை துடைக்கவும் காலில் அணியவும். காணிக்கை நாணயங்கள் ஆவியில் கறுத்து அரித்துப்போயிருந்தன. வெள்ளி நகை அணிந்திருந்தால் கழற்றி உறையில் போட்டுவிடுங்கள், கறுத்துவிடும். கேமராவையும் வெளியே நெடுநேரம் வைக்காதீர்கள். இறந்தவர்களின் குரலில் பேசும் இதாக்கோ பெண்களை எந்நாளும் காணலாம் என்று நினைத்துச் செல்ல வேண்டாம். அவர்கள் கோயிலைச் சேர்ந்தவர்கள் அல்லர், எண்ணிக்கையிலும் மிகச் சிலரே எஞ்சியிருக்கிறார்கள், ஜூலை 20 முதல் 24 வரை நடக்கும் பெருவிழாவில்தான் பெரும்பாலும் வருகிறார்கள். அழுதுகொண்டு கல் அடுக்குபவர்களைப் படம் எடுக்காதீர்கள். ஒரு முதியவர் சிறு பொம்மைக் காரை ஒரு கற்குவியலருகே வைத்துவிட்டு, அதன் சக்கரத்தில் படிந்த தூசியைத் தன் கைக்குட்டையால் துடைத்தார். நான் திரும்பி வேறு பாதையில் நடந்தேன். வளாகத்துக்குள்ளேயே மரத்தால் ஆன வெந்நீர்க் குளியல் அறைகள் உண்டு. நுழைவுச்சீட்டு வாங்கியவர்கள் தனிக்கட்டணமின்றிக் குளிக்கலாம், துண்டை மட்டும் கொண்டு செல்லுங்கள். கோயிலின் தங்குமிடத்தில் முன்பதிவு செய்தால் மீனும் இறைச்சியும் அற்ற துறவியர் உணவு கிடைக்கும்; சைவ உணவினருக்கு இந்த வட்டாரத்திலேயே கவலையின்றி உண்ணக்கூடிய இடம் அதுதான்.

பாஸ் காலாவதியான மறுநாள் டோக்கியோ திரும்ப 18,000 யென்னுக்கு மேல் ஆனது. இவை எல்லாவற்றையும் கூட்டினால் பாஸின் விலைக்கு நிகரான தொகை. காப்பீட்டில் நோஹெஜி அறை வாடகை மட்டும் கிடைத்தது.

இந்த வழியில் செல்பவர்கள் ஒசொரெசானைப் பயணத்தின் முடிவில் வைக்காமல் முதலில் வையுங்கள். காற்று ஒரு நாளைப் பறித்தாலும், தெற்கே திரும்பும் வழியில் கனாகியிலோ தோனோவிலோ அதைச் சரிக்கட்டிக்கொள்ளலாம். வரைபடச் செயலிகளில் சிற்றூர்ப் பேருந்துகள் பல தென்படுவதில்லை என்பதால், நிலையத்தில் இறங்கியதும் நிறுத்தத்தில் ஒட்டியிருக்கும் கால அட்டவணையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களுக்குத் தனிப் பத்தி இருக்கும். பருவத்தைத் தேர்வதில் ஒரு சிக்கல் உண்டு. சுகாரு ரயிலில் நிலக்கரி அடுப்பு மூட்டிய பெட்டிகள், உலர்ந்த கணவாய் மீனை அதன்மேல் சுட்டுத் தின்னும் பயணிகளோடு, டிசம்பர் 1 முதல் மார்ச் 31 வரை ஓடுகின்றன. ஒசொரெசான் அப்போது பனியில் மூடிக் கிடக்கும். தசாயின் நாட்டைப் பனியில் பார்க்க விரும்புபவர்கள் ஒசொரெசானை வேறொரு பயணத்துக்கு ஒதுக்கிவிட வேண்டியதுதான். நவம்பரில் இரண்டும் கிடையாது.